மீன் கூலி கேட்கவில்லை: எங்கள் ஊர்ப் பங்குப்பேரவைக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள பங்குப்பேரவை உறுப்பினர்களுக்கும் ஊர்ப் பெரியவர்களுக்கும்,

இயேசுவுக்கே புகழ்.

நீரோடியில் தொடங்கி இரயுமன்துறை வரை நீளும் நம் கரையில் நம்முடையதும் ஓர் ஊர். ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. நீங்கள் யார், நான் யார் என்பது உங்களுக்குத் தெரியும். முப்பது வருடத்துக்கு மேல் தூண்டில் படகில் ஸ்ராங்காக, அதாவது படகோட்டும் தலைவனாக, இருந்தவன். இப்போது கடலுக்குப் போவதில்லை, காலைப் பூசைக்கு மட்டும் தவறாமல் வருகிறேன். உங்களில் சிலருக்குப் பேரவைக் கூட்டத்தில் வந்து பேசாமல் ஏன் ஊரறிய எழுதுகிறார் என்று வருத்தம் இருக்கலாம். உங்கள் தீர்மானத்தை நீங்கள் ஊரறியத்தான் ஒட்டினீர்கள். அதனால் என் பதிலும் ஊரறிய இருக்கட்டும்.

கோயில் நோட்டீஸ் போர்டில் அதை இரண்டு முறை படித்தேன். 19 வருடம் கழித்து ஊருக்குத் திரும்பியிருக்கிறவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை, பூசை முடியும்வரை வெளியே குருசடி என்ற சிலுவைக் கோயில் அருகில் நிற்க வேண்டும். ஊராரிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். பேரவைக்குக் கட்டும் ஊர் வரியில் 19 வருட பாக்கியைக் கட்ட வேண்டும். அதுவரை கோயிலுக்குள் இடமில்லை. அதற்குள் இறந்துபோனால் கல்லறைத் தோட்டத்திலும் இடமில்லை.

கடைசி வரியை எழுதியவருக்குக் கை நடுங்கவில்லையா?

அவர் செய்தது சின்னக் காரியம் என்று சொல்ல நான் வரவில்லை. கல்யாணமாகி மூன்று வருடம், இரண்டு வயதில் பெண் குழந்தை. கொச்சியில் தோப்பும்படி துறைமுகத்தில் படகை விட்டு இறங்கியவர் வீட்டுக்கு வரவில்லை. வடக்கே குஜராத்தில் வெராவல் பக்கம் போய்விட்டார் என்று பிறகு தெரிந்தது. அந்தப் பெண் மீன் சுமந்து பிள்ளையை வளர்த்தாள். இப்போது அவர் உடம்பு கெட்டு, கண்கள் மஞ்சளித்து, தன் அக்காள் வீட்டுத் திண்ணையில் கிடக்கிறார். நான் போய்ப் பார்த்தேன். பணம் கேட்கவில்லை, வீடு கேட்கவில்லை. "அண்ணே, ஒரு பூசை முழுசா பாக்கணும்" என்றார். அவ்வளவுதான்.

தவக்காலத்தின் முதல் வாரம் புதன்கிழமை நம் பீடத்தில் வாசித்தது எது என்று நினைவிருக்கிறதா? விவிலியத்தில் யோனா நூல், மூன்றாம் அதிகாரம். நீங்கள் தீர்மானம் எழுதியது அதற்கு அடுத்த ஞாயிறு. நான்கு நாள் இடைவெளி.

யோனா நூலில் நான்கு அதிகாரம், 48 வசனம். ஒரு பூசை நேரத்துக்குள் முழுதும் படித்துவிடலாம். நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியில் பெரிய மீனை மட்டும் படம் வரைந்து காட்டி அனுப்பிவிடுகிறோம். நாம் கடற்காரர்கள். இந்தக் கதையை மற்ற யாரையும்விட நாம் நன்றாகப் படிக்க வேண்டியவர்கள்.

நினிவே நகருக்குப் போய் எச்சரி என்று யோனாவிடம் சொல்கிறார் கடவுள். நினிவே கிழக்கே, தரைவழிப் பயணம். யோனா மேற்கே திரும்பி யாப்பா துறைமுகத்துக்குப் போகிறார். தர்சீசுக்குப் புறப்பட நின்ற கப்பலைக் கண்டுபிடித்து, கூலி கொடுத்து ஏறுகிறார். கூலி கொடுத்தார் என்பதை நூல் மறக்காமல் சொல்கிறது. கடவுளை விட்டு ஓட அவர் கைக்காசு செலவழித்தார். திரும்பி வந்ததற்கு அவரிடம் யாரும் ஒரு காசு வாங்கவில்லை. மூன்று பகலும் மூன்று இரவும் வயிற்றில் வைத்துச் சுமந்து வந்து கரையில் கக்கிய மீன் கூலி கேட்கவில்லை. 19 வருட வரி பாக்கி என்ற வரியைப் படித்தபோது எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

அப்புறம் அந்தப் புயல். கப்பல் உடைந்துபோகும் என்ற நிலையில் மாலுமிகள் சரக்கைத் தூக்கிக் கடலில் எறிகிறார்கள். படகில் போனவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன வேதனை என்று. ஐஸ் போட்டு வைத்த கேரை மீனையும் சுறாவையும் உயிருக்குப் பயந்து அள்ளிக் கொட்டிய இரவுகள் நம்மிடம் உண்டு. அந்தச் சரக்கு யோனாவுடையதல்ல. ஓடியவர் ஒருவர், நட்டம் மற்றவர்களுக்கு. இதையும் விவிலியம் மறைக்கவில்லை. நம் ஊர்க்காரர் ஓடியதில் கடலில் போன சரக்கு அவர் மனைவியின் இளமையும் மகளின் சின்ன வயதும். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

அந்த மாலுமிகள் வேறு தெய்வங்களைக் கும்பிடுகிறவர்கள். யாரால் இந்தப் புயல் என்று போட்ட சீட்டு யோனா பெயருக்கு விழுந்துவிட்டது. "என்னைத் தூக்கிக் கடலில் போடுங்கள்" என்று அவரே சொல்லிவிட்டார். அப்படியும் அவர்கள் உடனே போடவில்லை. எப்படியாவது கரை சேர்த்துவிடலாம் என்று துடுப்பை வலிக்கிறார்கள். முடியவே முடியாது என்று ஆன பிறகுதான், எங்கள் மேல் இந்தப் பழி விழ வேண்டாம் என்று ஆண்டவரிடம் மன்றாடிவிட்டுப் போடுகிறார்கள். குற்றவாளி தானே ஒப்புக்கொண்ட பிறகும் அவனுக்காகத் துடுப்பு வலித்தவர்கள் அவர்கள். நாம் ஞானஸ்நானம் பெற்றவர்கள்.

இதை எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்பீர்கள். தகுதி இல்லாததால்தான் எழுதுகிறேன். 1988இல் என் அண்ணன் கடலில் போனான். படகின் அடிப்பலகையில் கசிவு இருக்கிறது என்று தெரிந்தும், ஆனிக் கடலில் அந்தப் படகை அனுப்பியவர் அதன் உடைமையாளர். அண்ணனின் உடல் கிடைக்கவில்லை. மூன்று வருடம் கழித்து அப்போதைய பங்குத்தந்தை, வயதானவர், ஒருநாள் சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். "அந்தப் படகுக்காரன் படுக்கையில் கிடக்கிறான். உன்னை ஒருதடவை பார்க்கவேண்டும் என்று கேட்கிறான். போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா" என்றார். அச்சன் வாயால் சொன்னாலும் அது யாருடைய வார்த்தை என்று அப்போதே எனக்குத் தெரிந்தது. மறுநாள் விடியுமுன் களியக்காவிளையில் பஸ் ஏறினேன். திருவனந்தபுரம், அங்கிருந்து எறணாகுளம், அங்கிருந்து தோப்பும்படி. டிக்கெட் காசை எண்ணிக் கொடுத்தது இன்றும் விரல்களில் இருக்கிறது. பிழைப்புக்குப் போனேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். நம் ஊர்க்காரர்கள் பாதிப்பேர் அங்கேதான் படகு போட்டிருந்தார்கள், யாரும் சந்தேகப்படவில்லை.

எட்டு வருடம் கோயில் வாசலை மிதிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் படகிலேயே படுத்துத் தூங்குவேன். யோனா கப்பலின் அடித்தட்டில் அயர்ந்து தூங்கினார் என்று வருகிறதே, அந்தத் தூக்கம் எனக்குத் தெரியும். அசதியில் வருவதல்ல அது. விழித்திருந்தால் ஒரு குரல் கேட்டுவிடும் என்று கண்ணை மூடிக்கொள்வது.

அந்த நாட்களில் ஒருமுறை, ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த கோட்டயத்துக்காரர் ஒருவர் திருவிழா பார்க்கலாம் வா என்று குறவிலங்காட்டுக்குக் கூட்டிப்போனார். என்ன திருவிழா என்று நான் கேட்கவில்லை. சிரியன் கிறிஸ்தவர்கள் பெரிய நோன்புக்கு முன்னால் மூன்று நாள் நோன்பு இருப்பார்கள், நினிவே மக்கள் இருந்த நோன்பை நினைத்து. இரண்டாம் நாள், செவ்வாய்க்கிழமை, குறவிலங்காடு மாதா கோயிலில் கப்பல் பிரதட்சிணம். கடப்பூர்க்காரர்கள் மரக்கப்பல் ஒன்றைத் தோளில் ஏற்றிப் புயலில் மாட்டியதுபோல முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு கோயில் முற்றத்தில் வருகிறார்கள். கடலைப் பார்க்காத மலையோர ஊரில் ஒரு கப்பல் அலைபாய்கிறது, சுற்றி ஆயிரக்கணக்கானவர்கள் நிற்கிறார்கள். எனக்குக் கால் தரித்து நிற்க முடியவில்லை. நான் யாருக்குப் பயந்து ஓடிக்கொண்டிருந்தேனோ அவர் என்னை என் கதைக்கு முன்னாலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டார். நண்பரிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லி, கூட்டம் கலையுமுன் பஸ் பிடித்தேன். அன்றும் ஓடினேன். அவர் விடவில்லை.

என்னைப் பார்க்கக் கேட்ட அந்தப் படகு உடைமையாளர் நான் ஓடிய ஒரு மாதத்தில் இறந்துபோனார். அந்த வார்த்தையை இனி நான் அவரிடம் சொல்ல முடியாது. அந்தக் கணக்கு எனக்கும் கடவுளுக்கும் நடுவில் இருக்கிறது. ஆனால் 1999இல் ஒரு காலையில் தோப்பும்படிக் கடவில் 17 வயதுப் பையன் ஒருவன் துணிப்பையோடு வந்து நின்றான். "அண்ணே, உங்க படகில ஒரு இடம் தருவீங்களா" என்றான். அந்த மனிதரின் மகன். அப்பா இறந்தபின் படகை விற்றுக் கடனை அடைத்துவிட்டு வெறுங்கையோடு நின்ற வீடு. ஊரில் எத்தனையோ ஸ்ராங்குகள் இருக்க, அவன் ஏன் என்னிடம் வந்தான்?

மூன்றாம் அதிகாரத்தின் முதல் வசனத்தை நான் அன்றுதான் புரிந்துகொண்டேன். ஆண்டவரின் வாக்கு யோனாவுக்கு இரண்டாம் முறையும் வந்தது. எழுந்து நினிவேக்குப் போ என்ற அதே அழைப்பு. ஏன் ஓடினாய் என்ற கேள்வி அதில் இல்லை. யாப்பா இல்லை, கப்பல் இல்லை, நட்டக் கணக்கு இல்லை. முதல் முறை யோனாவை எப்படி நம்பி அனுப்பினாரோ, அதே நம்பிக்கையோடு இரண்டாம் முறையும் அனுப்புகிறார். பையனைப் படகில் ஏற்றினேன். முதல் வருடம் அவனிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் தூண்டிலில் இரை குத்துவதிலிருந்து காற்றுக் குறி பார்ப்பதுவரை எல்லாம் கற்றுக்கொடுத்தேன். அந்த வருடப் பெரிய வியாழன் அன்று, குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத் தொட்டிலில் முழந்தாளிட்டேன். அந்தப் பையன் இன்று சொந்தமாகப் படகு வைத்திருக்கிறார், உங்கள் பேரவையில் உங்கள் நடுவில் உட்கார்ந்திருக்கிறார். அவரிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு யாரும் குருசடி அருகில் நிற்கச் சொல்லவில்லை. எட்டு வருடமும் என் பெயருக்கு அம்மா வரி கட்டிவந்ததால் என் ஓட்டம் ஊர்க் கணக்குப் புத்தகத்தில் ஏறவே இல்லை. இப்போது திரும்பி வந்திருக்கிறவருக்கு வரி கட்ட அம்மா இல்லை. எங்கள் இருவருக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

யோனா ஏன் ஓடினார்? பயந்து ஓடினார் என்று பிரசங்கத்தில் சொல்லக் கேட்டிருக்கிறோம். நூல் அப்படிச் சொல்லவில்லை. நான்காம் அதிகாரத்தில் அவரே வாய் திறந்து சொல்கிறார்: நீர் இரக்கமுள்ளவர், சினம்கொள்ளத் தாமதிக்கிறவர், தண்டிக்க நினைத்ததை விட்டுவிடுகிறவர் என்று எனக்கு அப்போதே தெரியும், அதனால்தான் ஓடினேன். கடவுள் மன்னித்துவிடுவார் என்பதுதான் அவர் கோபம். தான் மீன் வயிற்றில் கிடந்தபோது கடவுளின் இரக்கத்தைப் பாட்டாகவே பாடினவர், தன் எச்சரிப்பைக் கேட்டு மனம் திரும்பிய நினிவேக்கு அதே இரக்கம் போனதும் செத்துப்போகலாம் என்கிறார்.

அவர் கோபத்தில் நியாயம் இல்லாமல் இல்லை, அதையும் சொல்ல வேண்டும். நினிவே அசீரியர்களின் நகரம், யோனாவின் மக்களை மிரட்டிய பேரரசு. 2 அரசர்கள் 14ஆம் அதிகாரம் அமித்தாயின் மகன் யோனாவை இரண்டாம் எரொபவாம் காலத்தில் வைக்கிறது. அதற்குச் சில பத்தாண்டுகள் கழித்து, கி.மு. 722 வாக்கில், அந்த அசீரியர்களே சமாரியாவைப் பிடித்து மக்களை நாடு கடத்தினார்கள். இப்படிப்பட்டவர்களை மன்னிப்பதா என்று கேட்ட மனம் நம் எல்லாருக்குள்ளும் இருக்கிற மனம்தான். உங்கள் தீர்மானமும் கெட்ட மனத்திலிருந்து வந்ததல்ல. ஓடியவனைச் சும்மா சேர்த்துக்கொண்டால் நாளைக்கு இன்னொருவன் ஓடுவான், ஊரில் கட்டுப்பாடு என்ன ஆகும் என்ற பயம். அது புரிகிறது. ஆனால் அந்த யோனாவிடமும் கடவுள் கோபித்துப் போகவில்லையே. வெயிலில் உட்கார்ந்தவருக்கு ஆமணக்குச் செடியை முளைக்கவைத்து நிழல் கொடுக்கிறார். மறுநாள் புழு அரித்துச் செடி வாடுகிறது, கீழைக்காற்று சுடுகிறது. நீ நட்டு வளர்க்காத செடிக்கே இவ்வளவு வருந்துகிறாயே என்று பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோலப் பேசுகிறார். வலது கை எது இடது கை எது என்று தெரியாத 1,20,000 பேரும் இத்தனை கால்நடைகளும் உள்ள நினிவேக்கு நான் இரங்க வேண்டாமா? அந்தக் கேள்வியோடு நூல் நின்றுவிடுகிறது. யோனா என்ன பதில் சொன்னார் என்று எழுதப்படவில்லை.

தேங்காய்ப்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவர், என் வயதுக்காரர், இதே யோனாவை யூனுஸ் நபி என்பார். இக்கட்டு வந்தால் மீன் வயிற்றின் இருட்டில் யூனுஸ் நபி ஓதிய துஆவை, அந்த வேண்டுதலைத்தான் தங்கள் வீட்டிலும் ஓதுவார்கள் என்று ஒருநாள் சொன்னார். ஓடிப்போய் மாட்டிக்கொண்டவருடைய செபத்தைத்தான் நல்லவர்களும் தங்கள் கஷ்டத்தில் கடன் வாங்குகிறார்கள்.

இன்னொன்றையும் உங்களுக்கு நினைவுபடுத்த வேண்டும். 2017 நவம்பர் 30. மீனவர் அந்திரேயாவின் திருநாள் அன்று ஒக்கி புயல் அடித்தது. நம் கரையில் எந்தெந்த வீட்டில் விளக்கணைந்தது என்று நான் எழுதத் தேவையில்லை. அந்த நாட்களில் நம் ஆட்களே படகெடுத்துத் தேடப் போனார்கள். கோயில் முற்றத்தில் பெயர்ப் பட்டியல் எழுதினோம். நானும் அங்கே நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். யாராவது வந்து மகன் பெயரைச் சொன்னபோது, அவன் வரி கட்டினானா, பூசைக்கு வருகிறவனா, குடிகாரனா, வீட்டில் சண்டை போட்டுவிட்டுப் போனவனா என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. லட்சத்தீவிலும் மகாராஷ்டிரக் கரையிலும் ஒதுங்கிய படகுகளிலிருந்து போன் வந்தபோது, உயிரோடிருக்கிறான் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது. அன்று நாம் நடந்துகொண்ட விதத்தில் கடவுளின் முகம் இருந்தது என்று நம்புகிறேன். கடலிலிருந்து எட்டு நாள் கழித்து வந்தவனை அணைத்த கை, 19 வருடம் கழித்து வந்தவனிடம் ரசீதுப் புத்தகத்தை நீட்டுகிறது.

நம் மாவட்டம் 1956 நவம்பர் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. நீரோடிக்கு அப்பால் பொழியூர் கேரளம் ஆனது. ஆனாலும் நம் கலெக்டர் நாகர்கோவிலிலும் நம் ஆயர் திருவனந்தபுரம் வெள்ளையம்பலத்திலும் இருக்கிறார்கள். அரசு கோடு போட்டது, மறைமாவட்டம் அந்தக் கோட்டில் நம்மை வெட்டிவிடவில்லை. கோட்டுக்கு அந்தப்பக்கம் போய்விட்டாலும் பிள்ளை பிள்ளைதான் என்று நம்மை வைத்துக்கொண்ட கோயிலின் பிள்ளைகள் நாம்.

சரி, அவர் மனைவியின் காரியம். அந்தத் தங்கச்சியிடம் மன்னித்துவிடு என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை, உங்களுக்கும் இல்லை. அவள் வீட்டுக் கதவை அவள் திறப்பாளா மாட்டாளா என்பது அவள் பாடு. திறக்காவிட்டால் அது பாவம் என்று யாரும் ஜாடைமாடையாகக்கூடப் பேசக் கூடாது. கடவுளின் இரக்கத்தைச் சொல்லி நட்டப்பட்டவளை நெருக்குவது இரக்கம் அல்ல. ஆனால் உங்கள் தீர்மானத்தைத் திரும்பப் படித்துப் பாருங்கள். அவர் மனைவிக்கும் மகளுக்கும் என்ன செய்ய வேண்டும் என்று அதில் ஒரு வரியும் இல்லை. பணம் பேரவைக்கு, மன்னிப்பு ஊராருக்கு. சரக்கை இழந்தவர்களுக்கு ஒன்றுமில்லை. அவர் கையில் மிச்சம் இருப்பது வெராவலில் சேர்த்த கொஞ்சம் பணம். அது அந்த மகள் பெயருக்குப் போகட்டும். அதற்கு வேண்டிய பேப்பர் வேலையை நான் செய்கிறேன். தாயும் மகளும் அதை வாங்கினாலும் சரி, வாங்க மறுத்தாலும் சரி. அதிலிருந்து வரி என்று ஒரு ரூபாய்கூட நீங்கள் எடுக்கக் கூடாது.

கெத்சமனியில் சீடர்கள் எல்லாரும் ஓடினார்கள். உயிர்த்த ஆண்டவர் அவர்களைத் தேடி வந்தது திபேரியக் கடற்கரைக்கு. வெறும் வலையோடு இருந்தவர்களுக்கு 153 பெரிய மீன் பட வைத்தார், அதற்கு முன்பே கரையில் கரி மூட்டி மீனும் அப்பமும் சுட்டு வைத்திருந்தார். வாருங்கள், சாப்பிடுங்கள் என்றார். மூன்று முறை மறுதலித்த பேதுருவிடம் என்னை நேசிக்கிறாயா என்று கேட்டது சாப்பிட்டு முடிந்த பிறகு. வரிசையைக் கவனியுங்கள். முதலில் சாப்பாடு, அப்புறம்தான் கேள்வி.

நான் கேட்பது இது. வருகிற ஞாயிறு பேரவை கூடும்போது அந்தத் தீர்மானத்தைத் திரும்பப் பெறுங்கள். குறைந்தது கல்லறையில் இடமில்லை என்ற அந்தக் கடைசி வாக்கியத்தையாவது அன்றைக்கே கிழித்துப் போடுங்கள், அது இருக்கும்வரை எனக்கு நோட்டீஸ் போர்டைக் கடந்து உள்ளே வரக் கால் கூசுகிறது. பாவசங்கீர்த்தனம் கேட்கப் பங்குத்தந்தை அவர் வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருக்கிறார். அதற்குமேல் அவரிடம் ஊர் கேட்க வேண்டியது எதுவும் மீதி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

தீர்மானம் மாறினாலும் மாறாவிட்டாலும் அந்த ஞாயிறு முதல் பூசைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வருவேன். பெரிய வாசல் வழியாகத்தான் வருவோம். அந்தோணியார் சுரூபத்துக்குப் பக்கத்துத் தூணருகே, மூன்றாவது பெஞ்சில், அவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உங்களில் ஒருவர் உட்காருவதாகச் சொல்லியிருக்கிறார். அவரை வெளியே நிற்கச் சொல்ல வேண்டாம். அவரால் பத்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை.

உங்கள் சகோதரன்,
ஓய்வு பெற்ற ஸ்ராங்கு ஒருவன்